ஏற்காட்டுக்குக் கல் பார்க்கப் போறியா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுப் போ

போன வாரம் நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன் தங்கச்சி. குட்டிப்பயல் உள்ளங்கையில் வைத்திருக்கிற அந்தக் கல் கண்ணாடியைக் கீறுகிறது, உடைந்த பக்கம் மின்னுகிறது, அதனால் வைரமாக இருக்குமோ என்று கேட்டிருந்தாய். அது வெங்கச்சங்கல். ஊர் உலகம் முழுக்க ஆற்றங்கரையிலும் வயல் வரப்பிலும் கிடக்கிற அதே குவார்ட்ஸ்தான். கடினத்தில் அதற்கு 7 மார்க், ஜன்னல் கண்ணாடிக்கு ஐந்தரை, வைரத்துக்குப் பத்து. ஏழு வாங்கியவன் ஐந்தரை வாங்கியவனைக் கீறத்தான் செய்வான். கண்ணாடியைக் கீறினால் வைரம் என்று சினிமாவில் காட்டுகிறார்களே, அதை நம்பி எத்தனை பேர் வீட்டுப் பீரோக் கண்ணாடியைப் பாழாக்கியிருக்கிறார்களோ!

அதைவிட எனக்கு வருத்தம் தந்தது வேறு. "எங்கே எடுத்தான்?" என்று கேட்டேன். "ஏதோ மலைப்பாதையில, காரை நிறுத்தினப்போ" என்றாய். இடம் தெரியாத கல், விலாசம் இல்லாத கடிதம் மாதிரி. ஷோகேஸில் அழகாக இருக்கும், ஒரு சேதியும் சொல்லாது. பையனுக்கு இந்த ஆசை வந்திருப்பது எனக்கு ரொம்ப சந்தோஷம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் வைரக் கதையை முடித்துவிடுவோம். வேண்டுமென்றால் ஆந்திராவுக்குப் போகலாம். கர்னூல் பக்கம் ஜொன்னகிரி, துக்கலி வட்டாரத்தில் ஜூன் மாதம் முதல் மழை விழுந்ததும் ஜனங்கள் சோறு கட்டிக்கொண்டு வந்து வயலில் குனிந்தபடி நாள் முழுக்க வைரம் தேடுவார்கள். அனந்தபூர் பக்கம் வஜ்ரகரூரில் கிம்பர்லைட் குழாய்களே இருக்கின்றன. கிம்பர்லைட் என்பது பூமிக்குள் 150 கிலோமீட்டருக்கும் கீழேயிருந்து பீறிட்டு வந்த பாறைக் குழம்பு உறைந்தது. வரும் வழியில் ஆழத்தில் இருந்த வைரத்தையும் வாரிக்கொண்டு வந்திருக்கிறது. கோகினூர் கிடைத்ததாகச் சொல்லப்படும் கொல்லூர், கிருஷ்ணை ஆற்றுச் சரளைக்கல் சுரங்கம். மத்தியப் பிரதேசத்துப் பன்னாவில் மஜ்கவான் சுரங்கம்.

ஏற்காடு இருக்கிற நம் சேர்வராயன் மலை அப்படிப்பட்டது இல்லை. இந்தப் பாறை சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்குள் ஏறக்குறைய 25 கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து உருவானது. அந்த ஆழம் மனுஷனுக்குப் பெரிசு, வைரத்துக்குப் போதாது. அங்கே கரி இருந்தாலும் கிராஃபைட்டாகத்தான் இருக்கும், அதாவது பென்சிலுக்குள் இருக்கிறதே, அது. தமிழ்நாட்டுக்கு வாய்த்த கரி சிவகங்கையில் கிராஃபைட்டாகக் கிடக்கிறது, பார். அதனால் குட்டியிடம் இப்போதே சொல்லிவிடு: ஏற்காட்டில் வைரம் தேடாதே. மலைக்கடைகளில் "இந்த மலையிலேயே எடுத்தது" என்று ஊதாக் கல்லை நீட்டுவார்கள், வாங்கவும் வாங்காதே. நான் ஒரு தடவை வாங்கி வந்து, வீட்டில் பூதக்கண்ணாடியால் பார்த்தால் உள்ளே உருண்டையாகக் காற்றுக் குமிழி. சாயம் போட்ட கண்ணாடி. எழுபது ரூபாய்க்குப் படித்த பாடம்.

இப்போது நிஜமாக என்ன பார்க்கலாம் என்று சொல்கிறேன். சேலம் ஜங்ஷனில் இறங்கி ஏற்காட்டுக்கு வண்டி பிடித்தால் ஒரே நாளில் மூன்று தளம் பார்க்கலாம். தரைத்தளம், மாடிப்படி, மொட்டை மாடி.

தரைத்தளம் என்பது மலைக்குக் கீழே தெரிகிற வெள்ளைக் கரடுகள். வெள்ளைக்காரன் தூரத்தில் இருந்து பார்த்துவிட்டு 'சாக் ஹில்ஸ்' என்று பெயர் வைத்தான். அது சாக்கும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. மேக்னசைட். நம் ஜனங்கள் 'வெள்ளைக்கல்' என்று பொதுவாகச் சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள். ஓமலூர் போகிற ரயில் பாதையில் மேக்னசைட் ஜங்ஷன் என்று ஒரு ஸ்டேஷனே உண்டு. டியூனைட் என்கிற பச்சை கலந்த கனமான பாறையில் மெக்னீசியம் நிறைய. கரியமிலவாயு கரைந்த தண்ணீர் அதன் விரிசல்களில் புகுந்து புகுந்து, அந்த மெக்னீசியத்தை வெள்ளை நரம்புகளாக மாற்றிவிட்டது. அந்த நரம்புதான் இரும்பாலை உலைக்குச் செங்கல்லாகப் போகிறது, எவ்வளவு சூட்டையும் தாங்கும் என்பதால்.

இதில் குட்டிக்கு ஒரு சோதனை இருக்கிறது. நம் பக்கத்து மண்ணில் சுக்கான்கல் நிறையக் கிடைக்கும், அதுவும் வெள்ளைதான். இரண்டின் மீதும் ஒரு சொட்டு வினிகர் விடச் சொல். சுக்கான்கல் நுரைத்துச் சிணுங்கும், மேக்னசைட் கம்மென்று இருக்கும். உடைந்த முகத்தைப் பார்த்தாலும் தெரியும். மேக்னசைட் மெருகு போடாத பீங்கான் மாதிரி வழவழவென்று உடைந்திருக்கும். பாத்ரூம் ஆசிட்டை எடுக்கவே கூடாது. வினிகர் போதும், எலுமிச்சம்பழமும் ஓரளவு ஆகும்.

ஒன்று கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். பழைய மேக்னசைட் குழிகளுக்குள் இறங்காதீர்கள். ஓரம் உதிரும், தண்ணீர் தேங்கியிருந்தால் ஆழம் தெரியாது. ரோட்டோரம் கிடக்கிற துண்டே உங்களுக்கு ஏராளம்.

அடுத்தது மாடிப்படி. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு. எல்லோரும் வாந்திக்கு எலுமிச்சம்பழம் முகர்ந்துகொண்டு கண்ணை மூடிக்கொள்கிற பாதை. கண்ணைத் திறந்து வைத்தால், ரோடு போட வெட்டின இடமெல்லாம் பாறை பளிச்சென்று தெரியும். நாம் கருங்கல் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிற அதற்கு ஒரு தனிப் பெயர் உண்டு, சார்னோகைட். புதிதாக உடைந்த முகம் எண்ணெய் தடவினது போல நீலமும் பச்சையும் கலந்த சாம்பல் நிறமாக இருக்கும். வெயில் மழை பட்ட மேல் தோல் பழுப்பாக இருக்கும். ரெண்டையும் ஒரே துண்டில் பார்க்க முடிந்தால் அதிர்ஷ்டம்.

பெயர்க் காரணம் கேட்டால் சிரிப்பாய். கல்கத்தாவில் கம்பெனி குடியிருப்பை ஆரம்பித்த ஜாப் சார்னாக் கல்லறைக்கு நம் பல்லாவரம் பக்கத்துக் கல்லைத்தான் கப்பலில் கொண்டுபோய்ப் போட்டார்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த தாமஸ் ஹாலந்து 1893-ல் அந்தக் கல்லறைக் கல்லைச் சோதித்து, செத்தவர் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டார். பிறகு 1900-ல் நீலகிரி, பழனி, சேர்வராயன் எல்லாம் இதே இனத்துப் பாறை என்று விரிவாக எழுதினார். உலகத்தில் எங்கே இந்தப் பாறையைப் பார்த்தாலும் இன்றைக்கும் சார்னோகைட் என்றுதான் சொல்கிறார்கள். நாம் இட்லிக்கு மாவாட்டின கல்லுக்குக் கல்கத்தாக்காரன் பெயர்!

ஒரு யோசனை. வளைவுகளுக்கு நம்பர் போட்டிருக்கிறார்கள் அல்லவா, அதுதான் உங்களுக்கு விலாசம். "ஏற்காடு ரோடு, 9-ம் வளைவுக்கு மேலே, இடது கை வெட்டு" என்று எழுதினால் பத்து வருஷம் கழித்தும் அதே இடத்துக்குப் போய் நிற்கலாம். ஆனால் வளைவிலேயே வண்டியை நிறுத்தாதே. அகலமான இடம் பார்த்து நிறுத்தி, மலைப்பக்கமாகவே நடந்து வா. மழைக்காலத்தில் அந்த வெட்டுகளுக்குக் கீழே நிற்கவே கூடாது, கல் உருண்டு வரும். டிசம்பர் பாதிக்கு மேல் பிப்ரவரி வரைக்கும் நல்ல காலம். மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில் கல்லைப் பார்க்க முடியாது, காரைத்தான் பார்க்கலாம்.

மொட்டை மாடி சேர்வராயன் கோயில் பக்கம். அங்கே மலையுச்சி கூராக இல்லாமல் மைதானம் மாதிரி பரந்திருக்கும். காலுக்குக் கீழே சிவப்பும் இளஞ்சிவப்புமாக, சில இடத்தில் பட்டாணி பட்டாணியாக உருண்டைகள் ஒட்டின மாதிரி ஒரு கல். பாக்சைட். சார்னோகைட்டின் மேல் லட்சக்கணக்கான வருஷ மழை பெய்து, சிலிக்காவை எல்லாம் கழுவிக்கொண்டு போக, அலுமினியம் மட்டும் தங்கிவிட்டது. 1960-களில் மேட்டூரில் அலுமினிய ஆலை வந்தபோது இந்த மலை உச்சி மண்தான் லாரியில் இறங்கியது. அம்மா வைத்திருந்தாளே அலுமினியத் தூக்குச்சட்டி, அதைக் காட்டிக் குட்டியிடம் இதைச் சொல்.

சாமான்களுக்குப் பெரிய செலவு வேண்டாம். பத்து மடங்கு பெரிதாக்குகிற மடக்கு லென்ஸ், ஒரு காந்தம், பழைய பேனாக்கத்தி, மெருகு போடாத டைல்ஸ் துண்டு, கையளவு நோட்டு, கறுப்பு மார்க்கர், பழைய நியூஸ்பேப்பர். டைல்ஸ் எதற்கென்றால் கல்லை அதில் தேய்த்தால் விழுகிற பொடியின் நிறம்தான் கல்லின் உண்மை நிறம். ரெண்டு கறுப்புக் கல் ஒரே மாதிரி இருக்கும், ஒன்று கறுப்பாகக் கோடு போடும், இன்னொன்று ரத்தச் சிவப்பாக. முன்னது மேக்னடைட், பின்னது ஹெமடைட். சுத்தியல் வாங்கித் தரச் சொல்லி அடம்பிடிப்பான். கண்ணாடி போடாமல் கல்லை உடைக்கக் கூடாது. சில்லு கண்ணில் தெறித்தால் போனது போனதுதான். முதல் வருஷம் சுத்தியலே வேண்டாம் என்பது என் கட்சி.

சமையலறைத் தராசு இருக்கிறது அல்லவா, கிராம் காட்டுகிற டிஜிட்டல் தராசு? அதுதான் என் பிரியமான ஆயுதம். கல்லை முதலில் அப்படியே நிறு. 53 கிராம் என்று வைத்துக்கொள். பிறகு தராசில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, எண்ணைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து, கல்லை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடு. 20 கிராம் காட்டும். 53-ஐ 20-ஆல் வகுத்தால் 2.65. அது குவார்ட்ஸின் அடர்த்தி, அசைக்க முடியாத சாட்சி. வைரமாக இருந்தால் 3.5 வந்திருக்கும். மேக்னசைட் 3-ஐ ஒட்டி வரும். குட்டியின் கல்லை இன்றைக்கே இப்படி நிறுத்துப் பார்க்கச் சொல். நான் சொன்னால் நம்பமாட்டான், தராசு சொன்னால் நம்புவான்.

இனி நோட்டு விஷயம். ஏற்காட்டில் ஐவி காட்டேஜ் என்கிற வீட்டில் ராபர்ட் புரூஸ் ஃபூட் இருந்தார். அதே ஆய்வுத் துறைக்காரர். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கல்லைக் குனிந்து எடுத்து, இது ஆதிமனிதன் செதுக்கியது என்று கண்டுகொண்டவர். வேலை பாறை பார்ப்பது, பொழுதுபோக்கு கற்கருவி பொறுக்குவது. ஓய்வுக்குப் பிறகு ஏற்காட்டில் வாழ்ந்தார். 1912-ல் கல்கத்தாவில் காலமானார். அவர் சேர்த்ததெல்லாம் இன்றைக்கு எழும்பூர் அருங்காட்சியகத்துச் சொத்து. நூற்றாண்டு கழித்தும் அதற்கு மதிப்பு இருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு துண்டும் எந்த ஊரில் எடுத்தது என்று மாவட்டவாரியாகப் பட்டியல் எழுதி வைத்ததுதான். வைரம் தேடுகிற நிபுணர்களும் இதைத்தான் செய்கிறார்கள். ஓடை மணலில் கிம்பர்லைட்டோடு வருகிற ஒரு வகைச் சிவப்புக் கார்னெட்டைத் தேடி, எங்கே எத்தனை என்று குறித்துக்கொண்டே எதிர்த்திசையில் போவார்கள். இடம் குறிக்காவிட்டால் வெறும் சிவப்பு மணி.

அதனால் கல்லில் சின்னதாக ஒரு நம்பர், நோட்டில் அதே நம்பர், தேதி, இடம், சுற்றிலும் என்ன பாறை, தானே உதிர்ந்து கிடந்ததா பாறையோடு ஒட்டி இருந்ததா. இது போதும். இதை எழுதாமல் அடுத்த கல்லை எடுக்கக் கூடாது என்று சட்டம் போடு.

சட்டம் என்றதும், நிஜச் சட்டம். காப்புக்காட்டில் கல்லும் வனப்பொருள்தான், எடுத்தால் குற்றம். எஸ்டேட் என்றால் கேட்டுவிட்டு நுழை. ஊருக்குள் மலையாளிப் பழங்குடி மக்களின் கோயில், களம் பக்கம் எதையும் தொடாதே. வழவழவென்று தேய்த்த, ஒரு முனை கோடாலி மாதிரி கூரான கல் கிடைத்தால் அது புதிய கற்காலக் கருவியாக இருக்கலாம். இந்த மாதிரி மலைகளில் அவற்றைப் பிள்ளையார் சன்னதியில் வைத்துக் கும்பிடுவதும் உண்டு. போட்டோ எடு, இடத்தைக் குறி, சேலம் அரசு அருங்காட்சியகத்தில் சொல். பைக்குள் போடாதே. பாறை இடுக்கில் விரலை விடாதே, தேள் இருக்கும். சாயங்காலம் காட்டெருமை நடமாட்டம், ஐந்து மணிக்குள் ரோட்டுக்கு வந்துவிடு.

இன்னொரு நாள் மிச்சம் இருந்தால் சேலத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற கஞ்சமலைக்குப் போகலாம். காந்தத்தை நூலில் கட்டிக்கொண்டு போ. கோடு கோடாக வெள்ளையும் கறுப்பும் கலந்த கல்லில் கறுப்புக் கோட்டுப் பக்கம் காந்தம் சாய்கிறதைப் பார்த்தால் பெரியவர்களே குழந்தையாகிவிடுவார்கள். அதே சுற்றுவட்டாரத்தில் நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டி. அங்கே உள்ள அனார்தோசைட் பாறை நிலாவின் மேட்டு நிலப் பாறைக்குச் சொந்தக்காரன். சந்திரயான்-2 தரையிறங்கிப் பழக இஸ்ரோ அங்கிருந்துதான் டன் கணக்கில் பாறை எடுத்துப் பொடித்து, செயற்கை நிலாத் தரை போட்டது. இதைக் கேட்டதும் குட்டி ஏற்காட்டையே மறந்துவிடுவான் என்று பயம் எனக்கு.

பொங்கல் லீவில் வா. டைல்ஸ் துண்டு வாங்காதே, மாடி பாத்ரூம் போட்டபோது மிஞ்சியது என்னிடம் நாலு இருக்கிறது.