எம்.எட். ஆய்வேட்டுக்கு எங்கே, எப்படித் தேடுவது?

தறி ஓடும் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கு ஒழுங்காக வராதது ஏன்? மதுரை செல்லூரில் இருந்துகொண்டு எம்.எட். ஆய்வுக்குத் தலைப்பு தேடுபவருக்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி கிடைப்பது அரிது. ஆனால் இதை அப்படியே கூகுளில் தட்டினால் செய்தித் துணுக்குகள்தான் வந்து குவியும்.

முதலில் கேள்வியை ஒரு தாளில் மூன்றாக உடையுங்கள்: யார் (நெசவாளர் குடும்பக் குழந்தைகள்), என்ன (வருகைக் குறைவு, இடைநிற்றல்), எந்த நிலை (ஆறு முதல் எட்டாம் வகுப்பு). ஒவ்வொன்றுக்கும் தமிழிலும் ஆங்கிலத்திலும் நான்கைந்து மாற்றுச் சொற்களை எழுதுங்கள். வழிகாட்டியைப் பார்க்கப் போகும்முன் இந்தத் தாள் கையில் இருக்கட்டும்.

அடுத்து நூலகம். வைகையைத் தாண்டினால் சிம்மக்கல்லில் மாவட்ட மைய நூலகம். புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் அளவில் மிகப் பெரியது. டூவி பகுப்பு முறையில் அடுக்கிய நூலகம் என்றால் கல்விக்கு 370 என்று எல்லாருக்கும் தெரியும்; பலர் அந்த அடுக்கோடு திரும்பிவிடுகிறார்கள். நம் தலைப்புக்குக் கல்விச் சமூகவியலின் 306.43, குழந்தைத் தொழிலாளர் பற்றிய 331.31 ஆகிய அடுக்குகளையும் பார்க்க வேண்டும். எண் குழப்பினால் நூலகரிடமே கேளுங்கள், தயக்கம் வேண்டாம்.

பிறகு ஷோத்கங்கா இணையதளம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இங்கே இலவசம். பெரும்பாலும் இயல் இயலாகத் தனித்தனிக் கோப்புகளாக இருக்கும். மாணவர்கள் பாய்ந்து திறப்பது இரண்டாம் இயலை, அதாவது முந்தைய ஆய்வுகளின் தொகுப்பை. அதைத் தொடாதீர்கள் என்பேன். ஒருவர் சுருக்கியதை இன்னொருவர் சுருக்கி, மூல ஆய்வு சொல்லாததெல்லாம் அதில் ஏறியிருக்கும். திறக்க வேண்டியவை துணைநூற்பட்டியலும் பின்னிணைப்பும்தான். பட்டியலிலிருந்து மூலக் கட்டுரைக்குப் போகலாம். பின்னிணைப்பில் வினாநிரல் முழுதாகக் கிடைக்கும். பயன்படுத்துவதானால் உருவாக்கியவரின் அனுமதி தேவை.

வெளிநாட்டு ஆய்வுகளுக்கு எரிக். அமெரிக்கக் கல்வித் துறை நடத்தும் இலவசத் தரவுத்தளம். அதன் சொற்களஞ்சியத்தில் உங்கள் தாளிலுள்ள சொற்களைப் போட்டுப் பார்த்து, அது ஏற்கும் சொல்லால் தேடுங்கள். முழு உரை கிடைப்பவற்றை மட்டும் காட்டும்படி ஒரு கட்டம் உண்டு, அதைத் தட்டிவிடுங்கள்.

புள்ளிவிவரத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பிரதம் அமைப்பு 2005 முதல் வெளியிடும் ஏசர் என்ற கல்வி நிலை அறிக்கை எடுப்பாக இருக்கும், மேற்கோள் காட்டவும் எளிது. ஆனால் அது ஊரகக் கணக்கெடுப்பு. மாநகராட்சிக்குள் இருக்கும் செல்லூருக்கு அதன் எண்கள் பொருந்தாது. அலங்காநல்லூர், வாடிப்பட்டிப் பக்கத்துக் கிராமங்களை ஆய்ந்தால் ஒப்பிட்டுப் பேசலாம். நகரப் பள்ளிக்கு, பள்ளிவாரித் தரவு தரும் யுடைஸ் பிளஸ் தளமே துணை. ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க எண் உண்டு, தமிழ்நாட்டில் அது 33 என்று தொடங்கும். அந்த எண்ணைக் கொடுத்தால் சேர்க்கை, ஆசிரியர் எண்ணிக்கை போன்றவை வரும். அன்றாட வருகைக்குப் பள்ளியின் பதிவேடுதான் கதி. தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

கட்டணம் கேட்கும் ஆய்விதழ்களைக் கண்டு மலைக்க வேண்டாம். 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் அரசு உயர்கல்வி நிறுவன மாணவர்கள் அவற்றைப் படிக்கலாம். சுயநிதிக் கல்லூரி மாணவருக்கு இந்த வசதி இல்லை என்பது அநியாயம்தான். அவர்கள் என்.சி.இ.ஆர்.டி.யின் இலவச இதழ்களைப் பார்க்கலாம். கட்டுரையாசிரியருக்கே மின்னஞ்சல் எழுதிக் கேட்கலாம், பலர் அனுப்பிவிடுவார்கள்.

படித்ததை அன்றன்றே ஸொடீரோ என்ற இலவச மென்பொருளில் ஏற்றுங்கள். தமிழ்ப் பெயர்களில் மட்டும் கவனம்: மு. வரதராசன் என்றால் குடும்பப் பெயர்க் கட்டத்தில் வரதராசன், முதற்பெயர்க் கட்டத்தில் மு. இதை மாற்றிப் போட்டால் பட்டியலில் அவர் 'மு' வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவார்.