வீட்டின் கதவு திறக்குமுன்

மின்விசிறியை நிறுத்தாமல் வெளியே போனால் உம்மாவிடம் ஏச்சு வாங்குகிறோம். மின்கட்டணம் மாதந்தோறும் கைக்கு வருகிறது. நம் தலைக்கு மேலுள்ள கொங்கிறீற்றுத் தட்டு எவ்வளவு காபனீரொட்சைட்டை வெளியேற்றியது என்று எவரும் கேட்பதில்லை.

கட்டடத்தின் காபன் சுவட்டை அதன் முழு ஆயுளுக்கும் அளக்க வேண்டும். 2011இல் வெளியான ஐரோப்பிய நியமம் 15978 அந்த ஆயுளை நான்கு கட்டங்களாகப் பிரிக்கிறது:

1. மூலப்பொருளை அகழ்ந்து, பொருளாக உற்பத்தி செய்தல்
2. ஏற்றி வந்து கட்டுதல்
3. பாவனையும் திருத்த வேலையும்
4. இடித்து அகற்றுதல்

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். பத்தடிக்குப் பத்தடி, ஐந்து அங்குலத் தட்டுக்கு ஏறத்தாழ ஏழரைப் பை சீமெந்து வேண்டும். ஒரு பை 50 கிலோ. ஒரு கிலோ சீமெந்துக்கு 0.8 கிலோ காபனீரொட்சைட்டு எனக் கொண்டால், மொத்தம் 300 கிலோ. 70 வாற்று மின்விசிறி தினம் ஆறு மணி நேரம் சுழன்றால் 0.42 அலகு மின்சாரம் செலவாகும். ஓர் அலகுக்கு அரைக் கிலோ எனக் கொண்டால், அந்த 300 கிலோவை எட்ட ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் செல்லும். கம்பியை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை!

சீமெந்துக்கு ஏன் இவ்வளவு? சூளையில் சூடேறும் சுண்ணக்கல்லே காபனீரொட்சைட்டை வெளியிடுகிறது. சீமெந்தின் காபனில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து அல்ல, கல்லிலிருந்தே வருகிறது.

நமது மாத்தளை மாவட்டத்தில் இரண்டு பாடங்கள் உள்ளன. தம்புள்ளைக்கு அருகே ஜெப்ரி பாவா வடிவமைத்து 1994இல் திறக்கப்பட்ட கண்டலம ஹோட்டலின் நடைபாதைகள் திறந்தவை. சுவர்களிலும் கூரையிலும் செடிகொடிகள் நிழல் தருகின்றன. அது மூன்றாம் கட்டத்தின் சேமிப்பு. ஆயினும் அதன் எலும்புக்கூடு கொங்கிறீற்றே. முதற்கட்டக் கணக்கு அங்கும் உண்டு.

மற்றையது நாலந்தா கெடிகே. போவதென்ன நீர்த்தேக்கத்தால் மூழ்கவிருந்த அந்தப் பழைய கற்கட்டடத்தைக் கல் கல்லாகப் பிரித்து, மேட்டில் மீண்டும் அடுக்கினார்கள். நான்காம் கட்டம் குப்பைமேட்டில்தான் முடிய வேண்டும் என்பதில்லை.

ஆகவே பெற்றோரே, பழைய வீட்டை இடிக்குமுன் ஒரு கேள்வி: உறுதியான சுவரையும் ஓட்டையும் மரத்தையும் வைத்துக்கொண்டே திருத்த முடியாதா? மாணவியரே, வீட்டில் கட்டட வேலை நடந்தால் சீமெந்துப் பைகளை எண்ணுங்கள்; ஒவ்வொன்றையும் நாற்பதால் பெருக்குங்கள். வரும் விடை, கதவு திறக்குமுன்னரே வீடு பட்ட கடன்.