ஒரு லிட்டர் கழிவு எத்தனை லிட்டர் ஆற்றைக் கெடுக்கும்?

மாணவர்களே, தோட்டத்தில் வாழ்ந்த உங்கள் தாத்தா பாட்டியிடம் ரப்பர் ஆலைக்குப் பின்னால் ஓடிய ஓடையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். முதலில் மூக்கைப் பொத்திக் காட்டுவார்கள்!

நான் சிறுவனாக இருந்தபோது, எங்கள் ஓடையில் ஒரு நாள் காலை கெண்டை மீன்கள் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. "யாரோ விஷம் கலந்துட்டாங்க" என்றார் அப்பா. பின்னாளில் படித்தபோதுதான் தெரிந்தது, மீன் சாக விஷம் தேவையில்லை. மூச்சு முட்டினாலே போதும்.

எப்படி? ரப்பர் பாலின் கழிவுநீரில் புரதமும் சர்க்கரையும் உண்டு. செம்பனை ஆலைக் கழிவில் எண்ணெயும் நாரும் உண்டு. பாக்டீரியாக்களுக்கு இவை விருந்து. அவை உண்டு பெருகும்போது, நீரில் கரைந்துள்ள உயிர்வளியைச் சுவாசித்துத் தீர்த்துவிடுகின்றன. இப்படித் தேவைப்படும் உயிர்வளியின் அளவையே 'பி.ஓ.டி.' என்கிறோம். நம் நாட்டில் ஆலைக் கழிவு மாதிரியை நீர்த்து, புட்டியில் அடைத்து, 30 பாகை செல்சியசில் 3 நாள் வைத்து, உயிர்வளி எவ்வளவு குறைந்தது என்று அளக்கிறார்கள்.

இப்போது ஒரு கணக்கு. சுத்திகரிக்காத செம்பனைக் கழிவின் பி.ஓ.டி. லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம். நம் வெப்பநிலையில் ஒரு லிட்டர் தூய நீரில் கரைந்திருக்கும் உயிர்வளியோ சுமார் 8 மில்லிகிராம்தான்.

25,000 ÷ 8 = 3,125

ஒரு லிட்டர் கழிவு 3,125 லிட்டர் ஆற்று நீரின் உயிர்வளியைக் குடித்துவிடும்!

இதைத் தடுக்க 1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1977-இல் செம்பனை ஆலைகளுக்கும், 1978-இல் ரப்பர் ஆலைகளுக்கும் விதிமுறைகள் வந்தன. சுற்றுச்சூழல் துறை ஒரே நாளில் கதவை அடைக்கவில்லை. செம்பனைக் கழிவுக்கு முதலில் 5,000 மில்லிகிராம் வரை அனுமதித்து, படிப்படியாகக் குறைத்து, 1984-இல் 100-க்குக் கொண்டுவந்தது. ஆலைகள் குளங்கள் வெட்டின. முதல் குளங்களில் உயிர்வளி இல்லாமலே வாழும் நுண்ணுயிரிகள் கழிவைச் சிதைத்து மீத்தேன் வாயுவை வெளியிடுகின்றன. அடுத்த குளங்களில் காற்றோட்டம் மீதி வேலையை முடிக்கிறது. ஆற்றில் நடக்க வேண்டிய விருந்து குளத்திலேயே முடிந்துவிடுகிறது.

ஆலைக்குச் சட்டம் உண்டு; நம் சமையலறைக்கு? ஜெலாப்பாங் பக்கம் ஓடும் பாரி ஆறு கிந்தா ஆற்றில் கலக்கிறது. பொரித்த எண்ணெயை வாசல் கால்வாயில் ஊற்றினால், அங்கேயும் அதே பாக்டீரியா, அதே கணக்குதான்.

சிந்தியுங்கள்:
1. பி.ஓ.டி. 100 என்றால், ஒரு லிட்டர் கழிவு எத்தனை லிட்டர் நீரைப் பாதிக்கும்?
2. வெப்பம் கூடினால் நீரில் கரையும் உயிர்வளி குறையும். அப்படியானால் மீன்களுக்கு ஆபத்து மழைக்காலத்திலா, வறட்சியிலா? ஏன்?

(முதல் வினாவின் விடை: 12.5 லிட்டர்)