கலத்தை அழைத்த விளக்கமும் அதனைக் காக்கும் தொண்டர்களும்



காகம் கரைகிறது என்று நீங்கள் முதலாம் ஆண்டிலேயே படித்திருப்பீர்கள். கரைதல் என்னும் சொல்லுக்கு அழைத்தல் என்பதும் ஒரு பொருளாகும். கலம் என்பது மரக்கலம். கடலில் வழி தெரியாது தவிக்கும் கலத்தை, "இங்கே வா, இதுதான் கரை" என்று அழைக்கின்ற விளக்கையே நம் முன்னோர் கலங்கரை விளக்கம் என்றனர். காவிரிப்பூம்பட்டினத்தின் சிறப்பைக் கூறும் சிலப்பதிகாரத்தில் இச்சொல் இடம்பெற்றுள்ளது. ஆகவே, இது நமக்குப் புதிய பொருள் அன்று.

நம் கடலோர விளக்கங்கள்

நம் நாட்டை ஒட்டியுள்ள மலாக்கா நீரிணை, உலகிலேயே கப்பல் போக்குவரத்து மிகுந்த கடல்வழிகளுள் ஒன்றாகும். போர்ட்டிக்சனுக்குச் சுற்றுலா சென்றவர்கள், அதன் அருகே தஞ்சோங் துவான் முனையில், காட்டின் நடுவே வெண்ணிறமாக நிற்கும் விளக்கத்தைக் கண்டிருக்கலாம். போர்த்துகீசியர் காலத்திலேயே விளக்கேற்றப்பட்ட அம்முனையில், இப்போதுள்ள கோபுரம் 1863ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டது.

சிங்கப்பூருக்குத் தெற்கே ஒரு சிறு தீவில் இராஃபிள்ஸ் விளக்கம் இருக்கிறது. 1855ஆம் ஆண்டு முதல் ஒளி தரும் அதற்கு, உபின் தீவிலிருந்து கருங்கல் வெட்டிக் கொண்டுவரப்பட்டது. அக்காலத்தில் இந்தியாவிலிருந்து சிங்கப்பூருக்கு நாடு கடத்தப்பட்டிருந்த கைதிகளின் உழைப்பும் அக்கட்டடத்திற்குள் அடங்கியுள்ளது. பல்லாயிரம் மாலுமிகளுக்கு வழிகாட்டிய ஒளியின் அடியில், பெயர் அறியப்படாத நம்மவரின் வியர்வையும் கலந்திருப்பதை நாம் மறத்தல் ஆகாது.

மாட்சைக்கர் தீவு

இனி, தொலைவிலுள்ள ஒரு தீவுக்குச் செல்வோம். ஆஸ்திரேலியாவின் தெற்கே தாஸ்மானியா மாநிலம் உள்ளது. அதன் தென்கரைக்கும் அப்பால் கடலில் தனித்து நிற்பது மாட்சைக்கர் தீவு. 1642ஆம் ஆண்டில் அவ்வழியே வந்த டச்சு மாலுமி ஆபெல் தாஸ்மன் அதற்கு அப்பெயரைச் சூட்டினார். மாட்சைக்கர் என்பவர் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் உயர் அலுவலர். பின்னர் இலங்கையில் டச்சுக்காரர் வசமிருந்த பகுதிக்கும், அதன்பின் பத்தாவியாவில் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகள் அனைத்திற்கும் தலைமை ஆளுநராக விளங்கியவர்.

அத்தீவில் 1891ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் விளக்கேற்றப்பட்டது. செங்கல்லால் ஆன அக்கோபுரத்தின் உயரம் ஏறத்தாழ 15 மீட்டர்தான். ஆயினும், உயர்ந்த மேட்டில் நிற்பதால் அதன் ஒளி நெடுந்தொலைவு சென்றது. அந்த ஒளிக்குக் காரணம் அதன் கண்ணாடி வில்லையாகும். பிரெனெல் என்னும் பிரெஞ்சு அறிஞர், ஒரே பெரிய கண்ணாடிக்குப் பதிலாகப் பல பட்டைக் கண்ணாடிகளை வளையம் வளையமாக அடுக்கும் முறையைக் கண்டறிந்தார். நாற்புறமும் சிதறும் ஒளியை அவை ஒரே திசையில் திருப்பி அனுப்புகின்றன. எனவே, ஒரு சிறு எண்ணெய் விளக்கும் பல கல் தொலைவிலுள்ள கப்பலுக்குத் தெரிந்தது.

அங்குப் பணியாற்றிய காவலர் குடும்பங்களின் வாழ்வு எளியதன்று. ஆண்டின் பெரும்பகுதி மழையும் கடுங்காற்றுமாகக் கழியும். படகு வந்தாலும் அலை அடங்கினால்தான் சரக்கை இறக்க முடியும். தொடக்கக் காலத்தில் அவசரச் செய்தி அனுப்புவதற்குப் புறாக்களையே நம்பியிருந்தனர். 1996ஆம் ஆண்டில் சூரிய ஒளியால் தானே இயங்கும் சிறிய விளக்கு அமைக்கப்பட்டது. பழைய பெருவிளக்கு அணைந்தது. காவலரும் தீவை விட்டு நீங்கினர்.

தொண்டர் பணி

காவலர் இல்லாத கட்டடத்திற்குக் கடலே பகையாகும். உப்புக் காற்று இரும்பைத் துருவாக்கும், மழை ஈரம் சுண்ணச் சாந்தை உதிர்க்கும், மரச்சட்டங்கள் உளுத்துப்போகும். ஓர் ஓட்டை ஓராண்டு அடைக்கப்படாமல் இருந்தால், மறு ஆண்டில் ஒரு சுவரையே புதுப்பிக்க நேரிடும்.

இதனை உணர்ந்த மக்கள் 'மாட்சைக்கர் தீவு நண்பர்கள்' என்னும் தொண்டர் குழுவை அமைத்தனர். தாஸ்மானியப் பூங்காத் துறையுடன் இணைந்து அவர்கள் உழைக்கின்றனர். துருவைச் சுரண்டி வண்ணம் பூசுதல், உளுத்த சன்னல் சட்டங்களை மாற்றுதல், பழைய காவலர் இல்லங்களைப் பழுதுபார்த்தல், தீவில் பரவிவிட்ட அயல்நாட்டுச் செடிகளைக் களைதல் ஆகியவை அவர்களின் பணிகளுள் சில. இலட்சக்கணக்கான கடற்பறவைகள் அத்தீவின் மண்ணில் வளை தோண்டி முட்டையிடுகின்றன. ஆகவே, களையெடுப்பதும் அங்கு உயிர் காக்கும் தொண்டேயாகும்.

இவர்களன்றி, இருவர் இருவராகத் தொண்டர்கள் ஏறத்தாழ ஆறு மாதம் அங்கேயே தங்கிக் காவல் புரிகின்றனர். ஆறு மாதத்திற்கு வேண்டிய உணவுப்பொருளை அவர்கள் முன்னதாகவே திட்டமிட்டுக் கொண்டுசெல்ல வேண்டும். மறந்துபோன பொருளை வாங்கக் கடை கிடையாது. புல்லை வெட்டுகின்றனர், வானிலையை உற்றுநோக்கிச் செய்தி அனுப்புகின்றனர், காய்கறித் தோட்டமும் பேணுகின்றனர். இதற்கு அவர்கள் ஊதியம் பெறுவதில்லை.

"அணைந்துபோன விளக்கிற்கு இத்தனை பாடு எதற்கு?" என்று சிலர் வினவலாம். பழைய விளக்கு இன்று கப்பலுக்கு வழிகாட்டுவதில்லை என்பது உண்மையே. ஆனால், அந்த வில்லையை இன்றும் அதே கோபுரத்தில் காணலாம். ஒரு காலத்து மக்கள் எவ்வாறு உழைத்தனர், எவ்வளவு தனிமையைத் தாங்கினர் என்பதை நூலைவிட அக்கட்டடம் தெளிவாகக் கற்பிக்கிறது. இடிந்தபின் அதனைத் திரும்பப் பெற இயலாது.

நம் கடமை

தொண்டுள்ளம் நம் நாட்டிலும் உண்டு. சுமத்திராவிலிருந்து நீரிணையைக் கடந்து வடக்கே திரும்பும் வல்லூறு வகைப் பறவைகள், மார்ச் மாத வாக்கில் தஞ்சோங் துவான் விளக்கத்தருகே கூட்டங்கூட்டமாக வந்து சேரும். மலேசிய இயற்கைக் கழகத் தொண்டர்கள் அவற்றை எண்ணிக் குறித்து, பொதுமக்களுக்கும் விளக்கிக் காட்டுவர். 2000ஆம் ஆண்டில் அதற்கென ஒரு விழாவையே அவர்கள் தொடங்கினர்.

நம் காஜாங் வட்டாரத்தைப் பாருங்கள். பாங்கி, செமினி வரை பரந்து கிடந்த ரப்பர்த் தோட்டங்கள் பல, இன்று வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. விடியுமுன் பாட்டாளிகளை அழைத்த பெரட்டு மணி எங்கே? பால் வாளியும் மரம் சீவும் கத்தியும் எத்தனை இல்லங்களில் எஞ்சியுள்ளன? தோட்டத்து மக்கள் தம் சிறு ஊதியத்தில் மிச்சம் பிடித்து எழுப்பிய கோயில்களும் பள்ளிகளும் நம்முடைய கலங்கரை விளக்கங்கள் அல்லவா? தீவைத் தேடி நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. பள்ளியில் கூட்டுப்பணி நடக்கும் நாளில் பெற்றோரும் பிள்ளைகளும் தூரிகையும் துடைப்பமும் ஏந்தி வந்தாலே தொண்டு தொடங்கிவிடும். தாத்தா பாட்டி கூறும் தோட்டக் கதைகளை ஏட்டில் எழுதி வைப்பதும், பழைய நிழற்படங்களின் பின்புறம் பெயரும் ஆண்டும் குறிப்பதும் மாணவர்களால் ஆகக்கூடிய பணிகளே. பெயரெழுதாத படம், பார்த்தவர் மறைந்ததும் ஊமையாகிவிடும்.

சிந்தித்து விடை எழுதுக

1. கலங்கரை விளக்கம் என்னும் பெயரின் பொருளை விளக்குக.
2. சிறு விளக்கின் ஒளி நெடுந்தொலைவு செல்வது எவ்வாறு?
3. மாட்சைக்கர் தீவில் தொண்டர்கள் ஆற்றும் பணிகளுள் நான்கினைக் கூறுக.
4. உங்கள் இல்லத்திலுள்ள மிகப் பழைய பொருள் எது? அதன் வரலாற்றைப் பெரியோரிடம் கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக.