தூசி பறந்தால்தான் பிழைப்பா?

நம்பிக்கை: புழுதிக்குப் பயந்தால் கூலி கிடைக்காது. பாறமடையும் கிரஷரும் ஓடுவதால்தான் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. காற்றைச் சுத்தப்படுத்தக் கிளம்பினால் வேலை போய்விடும்.

உண்மை: தூசிக்கும் செலவு உண்டு. அது முதலாளியின் கணக்கில் ஏறாததால் கண்ணில் படுவதில்லை. களியக்காவிளை வழியாகக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிவரும் டாரஸ் லாரிகள் சரியாக மூடாமல் போனால், சாலையோரக் கடைக்காரரின் சரக்கு பாழாகிறது. அதே நெடுஞ்சாலையில் இருக்கும் பாலராமபுரத்தில் நெசவாளிக்கு நெய்த துணிக்குத்தான் கூலி. இருமலால் தறி நின்ற நேரத்துக்குக் காசில்லை. இது வெறும் ஊகமல்ல. கலிபோர்னியாவில் பேரிக்காய் பொதியும் தொழிலாளர்களைப் பற்றிய ஆய்வு 2016இல் வெளியானது. அவர்கள் கட்டடத்துக்குள் வேலை செய்தவர்கள். ஆனாலும் வெளிக்காற்றில் பிஎம் 2.5 நுண்துகள் கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடியபோது, அவர்களின் மணிநேர உற்பத்தி ஏறத்தாழ 6 சதவீதம் குறைந்தது. இந்தியா முழுவதற்கும் 2019ஆம் ஆண்டில் காற்று மாசால் ஏற்பட்ட உற்பத்தி இழப்பு, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1.36 சதவீதம் என்று லான்செட் குழும இதழ் ஒன்று கணக்கிட்டது.

‘இது தில்லி இல்லையே, கடல்காற்று அடிக்கிற ஊராயிற்றே’ என்பார்கள். மாவட்டத்தின் சராசரிக் காற்று நன்றாக இருப்பதால், கிரஷர் அருகே நிற்பவரின் மூச்சு சுத்தமாகிவிடாது. நுரையீரலில் படிந்த சிலிக்கா தூசி தரும் சிலிகோசிஸ் நோய்க்குக் குணமே கிடையாது. நடுவயதில் அது வந்தால் குடும்பத்தின் வருமானம் நின்று, கடன் தொடங்குகிறது.

வீடு கட்டவும் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கும் கல் வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. வேண்டும்தான். கிரஷரை மூடச் சொல்லவில்லை. தூசியை அடைக்கும் மூடு அமைப்பு, காற்றுத் தடுப்புச் சுவர், நீர்த்தெளிப்பு, வளாகத்துக்குள் செப்பனிட்ட பாதை ஆகியவற்றை 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளே கேட்கின்றன. இவற்றைச் செய்யாமல் மிச்சப்படுத்தும் பணம் லாபமே அல்ல. தொழிலாளி ஆஸ்பத்திரியில் கட்டப்போகும் பணம் அது.

சிலிகோசிஸுக்கு இழப்பீடு பெறச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் கிரஷரில் வேலை செய்ததற்கு ஆதாரம் வேண்டும். எனவே அங்கே வேலை செய்பவர்கள் கூலிச் சீட்டையும் எக்ஸ்ரேயையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.