ஆட்ட விதிக்கு உரிமையாளர் உண்டா?

அன்புள்ள தங்கைக்கு,

வீடியோ கேம் ஒன்றைச் சொந்தமாக உருவாக்கத் தொடங்கியிருக்கிறாய். வேறொரு கேமில் பார்த்துப் பிடித்துப்போன உத்தியை அதில் வைக்கலாமா, வழக்கு வருமா என்று கேட்டிருந்தாய். கேம் துறையே முப்பது ஆண்டுகளாக மல்லுக்கட்டும் கேள்வி இது.

நாம்கோவின் கதையிலிருந்து தொடங்கலாம். முதல் பிளேஸ்டேஷனில் வட்டைப் போட்டால், கேம் லோடு ஆகும்வரை திரையை வெறித்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். ஜப்பானின் நாம்கோ நிறுவனம் தன் 'ரிட்ஜ் ரேசர்' கார்ப் பந்தயத்தில் இதற்கு அழகான வழி ஒன்றைக் கண்டது. லோடு ஆகும் நேரத்தில் 'கேலக்சியன்' என்ற பழைய ஆட்டத்தை ஆடலாம். இந்த யோசனைக்கு 1995-இல் அமெரிக்காவில் விண்ணப்பித்து, 1998-இல் காப்புரிமை, அதாவது பேட்டன்ட் பெற்றது. இத்தனைக்கும் 1987-இலேயே கமடோர் 64 கணினியில், கேசட்டிலிருந்து லோடு ஆகும்போது ஆடுவதற்கென்று 'இன்வேட்-எ-லோட்' என்ற குட்டி ஆட்டம் இருந்தது. நாம்கோவின் காப்புரிமை 2015-இல்தான் காலாவதியானது. அதற்குள் வன்பொருளும் வேகம் பிடித்துவிட்டது. 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5-இல் பல கேம்கள் சில நொடிகளில் லோடு ஆகின்றன. காத்திருப்பு அதிகமாக இருந்த காலத்தில் பூட்டிக் கிடந்த யோசனை, காத்திருப்பே குறைந்த பிறகு எல்லோருக்கும் கிடைத்தது.

சட்டம் இங்கே இரண்டு விதமாகப் பாதுகாக்கிறது. நீ எழுதும் நிரல், வரையும் படம், அமைக்கும் இசை, சொல்லும் கதை ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை தானாகவே வந்துவிடும். ஆனால் 'எதிரியைக் குதித்துத் தாண்ட வேண்டும்' என்ற யோசனையைப் பதிப்புரிமை காக்காது. காப்புரிமையோ செயல்படும் முறையையே காக்கிறது. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு, அனுமதியின்றி வேறு யாரும் அதைப் பயன்படுத்த முடியாது. நீயே தனியாக யோசித்துக் கண்டுபிடித்திருந்தாலும் தப்ப முடியாது.

அந்த 20 ஆண்டு எவ்வளவு நீளமானது என்பதை 'ஷேடோ ஆஃப் மோர்டோர்' காட்டுகிறது. 2014-இல் மோனோலித் உருவாக்கி வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட கேம் இது. இதில் உன்னைக் கொன்ற சாதாரண ஓர்க் வீரன் பதவி உயர்வு பெறுவான். அடுத்த முறை எதிரே வரும்போது உன்னை நினைவில் வைத்து, பழைய சண்டையைச் சொல்லிக் கேலி செய்வான். தீயில் தப்பியவன் தழும்போடு வருவான். ஆடுகிற ஒவ்வொருவருக்கும் தனிப் பகைவன், தனிக் கதை. 'நெமசிஸ்' எனப்படும் இந்த அமைப்புக்கு வார்னர் பிரதர்ஸ் 2021-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. 2017-இல் வந்த 'ஷேடோ ஆஃப் வார்' கேமுக்குப் பிறகு அது வேறெந்தக் கேமிலும் வரவில்லை. அதைப் பயன்படுத்தவிருந்த 'வொண்டர் வுமன்' கேமை 2025 பிப்ரவரியில் கைவிட்ட நிறுவனம், மோனோலித்தையும் மூடிவிட்டது. உருவாக்கிய கூடம் போய்விட்டது; காப்புரிமை மட்டும் 2036 வரை இருக்கிறது.

இதைவிடக் கூர்மையானது 'பால்வேர்ல்ட்' வழக்கு. உயிரினங்களைப் பிடித்து ஆடும் அந்தக் கேமை டோக்கியோவின் பாக்கெட்பேர் நிறுவனம் 2024 ஜனவரியில் வெளியிட்டது. செப்டம்பரில் நின்டெண்டோவும் போகிமான் நிறுவனமும் டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்துக்குப் போயின. போகிமான் உருவங்களைக் காப்பியடித்ததாக அல்ல, மூன்று காப்புரிமைகளை மீறியதாகவே வழக்கு. அந்த மூன்றும் பால்வேர்ல்ட் வெளியான பிறகு, 2021-இல் தந்த மூல விண்ணப்பத்திலிருந்து பிரித்து வாங்கப்பட்டவை. தேதி மூல விண்ணப்பத்திலிருந்தே கணக்காவதால் சட்டப்படி இதில் தவறில்லை. கேட்ட இழப்பீடு இரு நிறுவனங்களுக்கும் தலா 50 லட்சம் யென்; கூடவே கேமுக்குத் தடையும் கேட்டார்கள். வழக்கு முடியும் முன்பே பாக்கெட்பேர் தன் கேமை மாற்றத் தொடங்கிவிட்டது. உருண்டையை எறிந்து உயிரினத்தை வரவழைக்கும் முறை 2024 நவம்பரில் நீக்கப்பட்டது. உயிரினத்தைப் பிடித்துக்கொண்டு காற்றில் மிதப்பது 2025 மே மாதத்தில் மாறியது. இப்போது அதற்குத் தனியாக ஒரு கிளைடர் தேவை.

நகலெடுக்கப்பட்டவர்களின் பக்கமும் இருக்கிறது. 2014 பிப்ரவரியில் 'த்ரீஸ்' என்ற எண் புதிர் வந்தது. ஒரு சிறு குழு ஓராண்டுக்கு மேல் இழைத்து இழைத்துச் செய்த ஆட்டம். அடுத்த மாதமே அதே வகையில் இலவசமாக வந்த '2048' உலகம் முழுக்கப் பரவியது. இந்த வலி உண்மையானது. ஆனால் காப்புரிமை அந்தக் குழுவைக் காத்திருக்குமா? விண்ணப்பம் தேற ஆண்டுகள் ஆகும், வழக்கறிஞர் செலவு பெரிது, வழக்குச் செலவு அதைவிடப் பெரிது. அந்த ஆயுதத்தைத் தூக்கும் பலம் பெரிய நிறுவனங்களுக்கே இருக்கிறது. அப்பட்டமான நகலைத் தடுக்கப் பதிப்புரிமையால் முடியும் என்பதற்கு முன்னுதாரணமும் உண்டு. டெட்ரிஸைப் போலவே 'மினோ' என்ற கேமைச் செய்த சியோ நிறுவனம் 2012-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் தோற்றது. கட்டைகள் விழும் விதி எல்லோருக்கும் பொது, ஆனால் அவற்றின் தோற்றத்தையும் களத்தின் அளவையும் அப்படியே எடுத்தது தவறு என்று நீதிமன்றம் பிரித்துப் பார்த்தது.

அந்தப் பிரிப்புதான் சரி. புதிய கைப்பிடிக் கருவிக்கும் புதிய சிப்புக்கும் காப்புரிமை தரலாம். ஆடும் முறைக்குத் தரக்கூடாது. ஓடிக் குதிக்கும் ஆட்டங்களும் சுடும் ஆட்டங்களும் ஒருவர் யோசனையை இன்னொருவர் வாங்கி வளர்த்ததால் தழைத்தவை. இந்தியச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 3(எம்) பிரிவு, விளையாடும் முறையைக் கண்டுபிடிப்பாகவே ஏற்பதில்லை.

ஆனால் காப்புரிமை நாட்டுக்கு நாடு வேறு. உன் கேமை இணையக் கடையில் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் விற்றால், அங்கே அந்தந்த நாட்டுச் சட்டம்தான். அதனால் சில வேலைகளைப் பழக்கமாக்கிக்கொள். நிரலையும் படங்களையும் நீயே உருவாக்கு. பெயருக்கு வணிகக்குறி பதிவு செய். ஒவ்வொரு உத்தியும் எப்போது தோன்றியது என்று தேதியோடு எழுதிவை. உன் புதிய முறைகளைப் பற்றி எல்லோரும் படிக்கும்படி வெளியிடு. முன்பே வெளியானதற்குப் பிறகு வந்தவர் காப்புரிமை வாங்குவது கடினம். இதற்கு ஓர் உதாரணம்: துணைப் பாத்திரத்தை வரவழைத்துச் சண்டையிட வைக்கும் முறைக்கு 2025 செப்டம்பரில் நின்டெண்டோ அமெரிக்கக் காப்புரிமை வாங்கியது. இரண்டே மாதத்தில் அந்நாட்டுக் காப்புரிமை அலுவலகத்தின் தலைவர் அதை மறுஆய்வுக்கு அனுப்பினார். அதற்கு அவர் காட்டிய காரணம், முன்பே வெளியான இரண்டு பழைய விண்ணப்பங்கள். அதில் ஒன்று நின்டெண்டோவுடையதே.

அன்புடன்,
அண்ணன்