பொறுப்பு எங்கே முடிகிறது?

நுழையும் முன்

போனக்காட்டை ஒட்டிய அகத்தியமலைச் சரிவுகளில் பெய்யும் மழை, கரமனை ஆறாகப் பெருகிப் பேப்பாறை அணையில் தேங்குகிறது. பின்னர்த் திருவனந்தபுரத்து வீடுகளின் குழாய்களில் குடிநீராக வந்து சேர்கிறது. மலைமண்ணில் கலக்கும் நஞ்சு மலையோடு நின்றுவிடுவதில்லை. இதுபோன்ற மற்றொரு மலையில், ஓர் ஆலையால் நிகழ்ந்ததை இப்பாடம் கூறுகிறது.

பாடம்

பழனி மலைத்தொடரில் அமைந்த ஊர் கொடைக்கானல். அமெரிக்காவின் வாட்டர்டவுன் என்னும் ஊரில் இயங்கிய வெப்பமானி ஆலையைப் பாண்ட்ஸ் நிறுவனம் 1983ஆம் ஆண்டளவில் இங்குக் கொண்டுவந்து நிறுவியது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் உடைமையாயிற்று. அந்நிறுவனமே இன்று இந்துஸ்தான் யூனிலீவர் எனப்படுகிறது. காய்ச்சலை அளக்கும் கண்ணாடிக் குழாய்களில் பாதரசம் நிரப்புவது அவ்வாலையின் பணி. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அதனால் பிழைத்தன.

பாதரசம் அறை வெப்பநிலையிலேயே நீர்மமாக இருக்கும் உலோகம். சிந்தினால் முத்துமுத்தாக உருண்டோடும். மணமற்ற, கண்ணுக்குப் புலப்படாத ஆவியாகவும் மாறும். அவ்வாவியை நெடுநாள் சுவாசித்தால் நரம்புகளும் சிறுநீரகங்களும் கெடும். ஆடையில் ஒட்டிய பாதரசம் தொழிலாளியுடன் வீட்டிற்கும் செல்லும். ஆகவே நல்ல காற்றோட்டம், பணிக்கெனத் தனி ஆடை, முறையான மருத்துவச் சோதனை, கழிவைப் பாதுகாக்கும் ஏற்பாடு ஆகியவை அத்தகைய ஆலைக்கு இன்றியமையாதவை.

2001ஆம் ஆண்டு மார்ச் மாதம், பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடிக் கழிவு, கொடைக்கானலில் உள்ள பழைய இரும்புக் கடை ஒன்றில் டன் கணக்கில் குவிந்திருப்பதை ஊர்மக்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் வெளிப்படுத்தினர். மக்கள் திரண்டு போராடினர், ஆலை மூடப்பட்டது. தன் விதிமுறைகளுக்கு மாறாகவே அக்கழிவு விற்கப்பட்டது என நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2003ஆம் ஆண்டு ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவிற்குத் திரும்பிச் சென்றது.

கழிவு சென்றது, தொழிலாளர்களின் கேள்வி எஞ்சி நின்றது. தங்கள் உடல்நலக் கேட்டிற்கு ஆலையே காரணம் என்று கூறி, முன்னாள் தொழிலாளர்கள் 2006ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினர். தொழிலாளர்களின் உடல்நலத்திற்குத் தீங்கு நேரவில்லை என ஆய்வுகள் காட்டுவதாக நிறுவனம் மறுத்தது. 2011இல் நீதிமன்றத்தில் அளிக்கப்பட்ட நடுவண் தொழிலாளர் அமைச்சக அறிக்கையோ, பாதிப்பு நேர்ந்ததற்கு முதனிலைச் சான்று உண்டு என்றது. 2015இல் சோபியா அஷ்ரப் என்னும் இளம்பெண் பாடிய பாடல் இணையத்தில் பரவ, உலகின் கவனம் கொடைக்கானல் பக்கம் திரும்பியது. 2016ஆம் ஆண்டு மார்ச் மாதம் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்படிக்கை செய்துகொண்டது. ஆலை மூடப்பட்டு அதற்குள் பதினைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன.

மண்ணைத் தூய்மை செய்வதிலும் கருத்து வேறுபாடு எழுந்தது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை பாதரசம் எஞ்சியிருக்கலாம் என்னும் வரம்பு ஏற்கப்பட்டது. ஆலைக்குக் கீழே பாம்பாற்றுச் சோலை இருப்பதால் அவ்வளவு போதாது, கடுமையான வரம்பே தேவை என ஆர்வலர்கள் வாதிட்டனர். இத்தகைய வழக்குகளில் உண்மையை அறிய விரும்புவோர் சில வினாக்களைத் தொடுக்க வேண்டும். அளந்தவர் யார்? அவருக்கு ஊதியம் அளித்தவர் யார்? எங்கே, எப்போது அளந்தார்? பாதிக்கப்பட்டவரிடம் கேட்டாரா? நிறுவனத்தின் கூற்றுக்கும் அதை எதிர்ப்போரின் கூற்றுக்கும் இவ்வினாக்கள் ஒன்றுபோலப் பொருந்தும்.

சப்பான் நாட்டின் மினமாட்டாவில் ஓர் இரசாயன ஆலை பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. அக்கடல் மீனை உண்டோர் நோயுற்றனர். 1956இல் நோய் அறியப்பட்ட பின்னும் 1968 வரை கழிவு வெளியேறியது. அவ்வூரின் பெயரால் அமைந்த பன்னாட்டு ஒப்பந்தம் 2017இல் நடைமுறைக்கு வந்தது. பாதரச வெப்பமானிகளைக் கைவிடவும் அது வழிவகுத்தது. நம் நாட்டிலோ, வேலூர்ப் பகுதித் தோல் பதனிடும் ஆலைகள் தொடர்பான வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என 1996இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆலையின் பொறுப்பு வாயிற்கதவோடு முடிவதில்லை. தொழிலாளியின் உடல், அவர் வீடு, ஆலைக்குக் கீழே ஓடும் ஆறு ஆகிய மூன்றும் அப்பொறுப்பிற்குள் அடங்கும்.

சொல்லும் பொருளும்

நீர்மம் – திரவம்
இன்றியமையாதவை – கட்டாயம் வேண்டியவை
முதனிலைச் சான்று – முதல் நோக்கில் தெரியும் ஆதாரம்
நடுவண் – மத்திய

கற்பவை கற்றபின்

1. கழிவு அகற்றப்பட்ட பின்னும் தொழிலாளர்களின் கேள்வி எஞ்சியது ஏன்?

2. உம் பெற்றோர் பணிபுரியும் இடத்தில் உள்ள பாதுகாப்பு ஏற்பாடுகளை அவர்களிடம் கேட்டு, ஐந்து தொடர்களில் எழுதுக.

3. ‘கழிவு விற்கப்பட்டது’ என்பது செயப்பாட்டுவினைத் தொடர். விற்றவர் யார் என்பதை அது கூறவில்லை. ‘ஆலை கழிவை விற்றது’ எனச் செய்வினையாக்கினால் செய்தவர் வெளிப்படுகிறார். பாடத்தில் இத்தகைய தொடர்கள் இரண்டைக் கண்டறிந்து, செய்தவர் விளங்குமாறு மாற்றி எழுதுக.